நடு நட்டில் கை வைக்காதே

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. அஜாக்ஸில் மாமா வீட்டு டிரைவ்வே. என் காரின் பொனட்டைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு நட்டில் ஸ்பானரைக் கொழுவி, முழுப் பலத்தோடு இழுக்கத் தயாராக நின்றேன். பின்னால் இருந்து அப்பா கத்தினார்.

"எடு கையை! அதில தொடாதை!"

எனக்கு 26 வயது. அப்பா என்னைப் பார்த்து அப்படிக் கத்தியதே இல்லை. 10ஆம் வகுப்பில் கணிதத்துக்கு 58 எடுத்துக்கொண்டு வந்த நாளில்கூட இல்லை.

கையை எடுத்தேன். எடுத்திருக்காவிட்டால் அன்று மாமாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம்.

இது கார் திருத்தின கதை. ஆனால் இதற்குள் ஒரு சண்டையும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு வசனம் உண்டு: "உனக்கேன் இந்த வேலை? நீ படி." அது அன்பில் வருகிற வசனம் என்று எனக்குத் தெரியும். அது பிழையான வசனம் என்றும் நினைக்கிறேன். ஏன் என்று அந்த நட்டை வைத்தே சொல்கிறேன்.

சத்தம்

என்னுடையது சின்னக் கார். 15 வயது. 190,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. யூனிவேர்சிற்றியில் படித்தபோது பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது. அதனால் அதில் எனக்குக் கொஞ்சம் பாசம் கூட.

ரொறன்ரோ பக்கம் கார் ஓடுகிற எல்லாருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதத்து றோட்டைத் தெரியும். தாரில் உள்ள வெடிப்புக்குள் தண்ணீர் போகும். இரவில் உறையும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பகலில் உருகும், இரவில் திரும்பவும் உறையும். இப்படியே நடந்து நடந்து ஒரு நாள் அந்த இடம் கிடங்காகிவிடும். அந்தக் கிடங்குகளில் விழுந்து எழும்பும்போதெல்லாம் என் காரின் முன்பக்கத்தில் "டொக்" என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பிறேக் பிடித்தால் மூக்குக் குத்துவதுபோல முன்பக்கம் தாழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினால், இறங்கின பிறகும் கார் இரண்டு மூன்று தடவை துள்ளியது. முன் ரயரைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது.

ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். "முன் ஸ்ட்ரட் ரெண்டும் போட்டுது. கூலியோட 1,240 டொலர்" என்றார்கள். காரையே விற்றால் 3,500 கிடைக்குமோ தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஸ்ட்ரட் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் விட்டால் ஒரு தடவை அமுக்கினதும் அது துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்க, எண்ணெய் நிறைந்த ஒரு குழாய் வேண்டும். அதற்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போகும். எண்ணெய் சின்னத் துளைகளுக்குள்ளால் நெரிந்து போகவேண்டி இருப்பதால் துள்ளல் தளரும். இந்தக் குழாயையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாகச் சேர்த்து, சில்லை நேராகப் பிடிக்கிற வேலையையும் அதனிடமே கொடுத்தால் அதுதான் ஸ்ட்ரட். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்பும்.

இதற்கு மக்பேர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் ஜெனரல் மோட்டர்ஸில் ஒரு சின்னக் காருக்காக இதை யோசித்தார். அந்தக் கார் கடைசியில் விற்பனைக்கு வரவே இல்லை. அவர் போர்ட் கொம்பனிக்கு மாறினார். 1950இல் இங்கிலாந்தில் வந்த போர்ட் கொன்சல், செபியர் கார்களில் இந்த ஸ்ட்ரட் இருந்தது. பாகங்கள் குறைவு, விலை குறைவு, பிடிக்கும் இடமும் குறைவு. அதனால் இன்று உங்கள் வீட்டில் நிற்கிற சின்னக் காரிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். காலம் போக எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் சீல் தேயும், எண்ணெய் கசியும், துள்ளல் அடங்காது. என் காருக்கு நடந்தது அதுதான்.

வீட்டில் மாற்ற இரண்டு வழி இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதுக் குழாயில் போடலாம். அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். அல்லது ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாம் பூட்டின முழு ஸ்ட்ரட்டாகவே வாங்கலாம். நான் முழுசாக வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து 370 டொலர். எப்போதும் சோடியாகத்தான் மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதிது, மற்றப் பக்கம் பழசு என்றால் இரண்டு பக்கமும் இரண்டு மாதிரி நடக்கும்.

அன்று நான் எடுத்த ஒரே புத்தியான முடிவு, முழு ஸ்ட்ரட் வாங்கினதுதான்.

இடது பக்கம்

நான் இருக்கிற அப்பார்ட்மெண்டில் பார்க்கிங்கில் கார் திருத்தக்கூடாது. அதனால்தான் மாமா வீடு. "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். மாமாவிடம் ரகசியம் சொல்வது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்குச் சமம் என்பது எனக்கு ஏன் மறந்துபோனதோ தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். கார் நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளைக் கொஞ்சம் இளக்கினேன். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். முன்பக்கத்தை ஜாக்கால் உயர்த்தி, காரின் கையேடு காட்டுகிற இடங்களில் இரண்டு ஸ்டாண்ட் வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கினேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே எதையும் நீட்டக்கூடாது, கையைக்கூட. வெயில் நேரத்தில் தார் இளகும் என்பதால் ஸ்டாண்டுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்தேன்.

பிறகு சில்லைக் கழற்றினேன். பிறேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் ஸ்ட்ரட்டில் கொழுவியிருந்தன. அவற்றை விடுவித்தேன். ஸ்வே பார் லிங்க் என்ற சின்னக் கம்பியையும் கழற்றினேன். கீழே, சில்லைப் பிடித்திருக்கிற வார்ப்பிரும்போடு ஸ்ட்ரட்டைச் சேர்க்கிற இரண்டு பெரிய போல்ட். அவை நின்ற இடத்தைப் பெயின்றால் குறித்துக்கொண்டேன். போல்ட்டின் தலையை அசையவிடாமல் பிடித்து, நட்டை மட்டும்தான் சுற்றவேண்டும். அந்தப் போல்ட்டுகள் கழன்றால் வார்ப்பிரும்பு வெளியே சரியும். பிறேக் குழாய் அந்தப் பாரத்தில் தொங்கக்கூடாது, அச்சும் இழுபடக்கூடாது. ஆகவே அதைக் கம்பியால் கட்டிவைத்தேன். கடைசியாகப் பொனட்டுக்குள் மேலே உள்ள மூன்று சின்ன நட்டு. மூன்றும் கழன்றதும் ஸ்ட்ரட் கையோடு வந்தது. புதியதை ஏற்றிப் பூட்டினேன். மூன்று மணித்தியாலம்.

மாமா தேத்தண்ணி கொண்டுவந்து, "உண்மையாவே நீ தானோ பூட்டினது?" என்று கேட்டார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கினது உண்மை.

வலது பக்கம்

வலது பக்கத்தில் மேலே இருந்த மூன்று நட்டில் இரண்டு கழன்றது. மூன்றாவது அசையவில்லை. 15 வருடப் பனிக்கால உப்பில் கறள் பிடித்துப் பச்சை மரம்போல இறுகிப் போயிருந்தது. இழுத்து இழுத்து அதன் மூலைகளும் உருண்டுவிட்டன. இனி ஸ்பானர் பிடிக்காது. கீழ் போல்ட் இரண்டும் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. ஸ்ட்ரட் அந்த ஒற்றை நட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்துவிடாமல் மாமா சில்லுக் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

நான் யோசித்தேன். மூன்று நட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கிறது. அதில் கறளும் இல்லை. அதைக் கழற்றினால் மேல் மவுண்ட் காரிலேயே நிற்கும், ஸ்ட்ரட் தனியாகக் கீழே வந்துவிடும். பிறகு மவுண்டை ஆறுதலாகப் பார்க்கலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நடு நட்டுத்தான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து வைத்திருக்கிற நட்டு.

என் கார் ஏறத்தாழ 1,100 கிலோ. என்ஜின் முன்னால் இருப்பதால் பாரத்தில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில். கார் நிலத்தில் நிற்கும்போது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்குகிறது. காரைத் தூக்கிச் சில்லைக் கழற்றினாலும் ஸ்பிரிங் முழுதாக விரிந்துவிடாது. அமுங்கினபடிதான் காத்திருக்கும். நடு நட்டுக் கழன்றால் முழுவதும் ஒரே அடியில் விரியும். நான் கழற்றியிருந்தால் அது கீழ்நோக்கி வெடித்திருக்கும். கீழே மாமாவின் முகம் இருந்தது.

நான் வாங்கின புது ஸ்ட்ரட்டில் ஒட்டியிருந்த தாளில் இந்த எச்சரிக்கை இருந்தது. நான் வாசித்தும் இருந்தேன். வாசிக்கத் தெரிந்தது, விளங்கத் தெரியவில்லை. மூன்று வீடியோவும் பார்த்திருந்தேன். ஆனால் வீடியோவில் வந்த காரில் கறள் இல்லை. எல்லா நட்டும் இரண்டு செக்கனில் கழன்றது. கழலாவிட்டால் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல, கழலாத நட்டுகளைப் பார்த்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் அந்த நேரம்தான் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். மாமாவின் புண்ணியம்.

"எங்கட கராச்"

கத்தி முடிந்ததும் அப்பா என்னைப் பேசவில்லை. சட்டைக் கையை மடித்தார். கம்பித் தூரிகை கேட்டார். நட்டுக்கு மேலே நீட்டி நின்ற புரியைத் தேய்த்துக் கறளை எடுத்தார். கறள் இளக்கும் எண்ணெயை அடித்தார். "இனி தேத்தண்ணி குடி. 20 நிமிசம் ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றார்.

20 நிமிடத்துக்குப் பிறகு, ஒரு அளவு குறைந்த சொக்கெட்டை எடுத்து, உருண்டுபோன நட்டின் மேல் சுத்தியலால் தட்டி இறுக ஏற்றினார். உடனே கழற்றவில்லை. "முதல்ல இறுக்கிற பக்கம் ஒரு சொட்டு. பிறகு கழட்டுற பக்கம் ஒரு சொட்டு. கறள் உடையுற சத்தம் கேக்கும், கேள்" என்றார். கேட்டது. நட்டு வந்தது.

கழற்றின பழைய ஸ்ட்ரட்டை அப்பா நிலத்தில் வைத்தார். ஸ்பிரிங்கில் விரலை வைத்து, "இது சும்மா நிக்கேல்லை பிள்ளை. பிடிச்சு வச்சிருக்கிறபடியாத்தான் நிக்குது" என்றார். பிறகு சொன்னார்: "எங்கட கராச்சில ஒருத்தன் ஒஸ்ரின் ஏ40 ஒண்டுக்கு ஸ்பிரிங் கழட்டேக்க அது அடிச்சு அவன்ர தாடை பெயர்ந்தது. நான்தான் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது."

எங்கட கராச். அந்தச் சொல்லை அப்பாவின் வாயில் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

எனக்குச் சொல்லப்பட்ட கதை இது: அப்பா ஊரில் படித்துக்கொண்டிருந்தவர், சண்டையால் படிப்புக் குழம்பினது, கனடாவுக்கு வந்தார், கொம்பனியில் வேலை. அந்தக் கொம்பனி கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை, அப்பா நின்றது லைனில் என்பதே எனக்குப் பெரிய பிள்ளையான பிறகுதான் தெரியும். ஊர்க் கதையில் நடுவில் ஐந்து வருடம் காணாமல் போயிருந்தது. 1990இலிருந்து 1995இல் எல்லாரும் இடம்பெயர்ந்து போகும் வரைக்கும் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் வேலை செய்திருக்கிறார்.

அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. கார்களைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகமும் வராது. ஒன்றில் பழைய காரிலிருந்து கழற்றவேண்டும், இல்லாவிட்டால் அராவிச் செய்யவேண்டும். மொரிஸ் மைனரும் ஏ40யும் அப்படித்தான் உயிரோடு இருந்தன. அந்தக் கார்களில் மக்பேர்சன் ஸ்ட்ரட் இல்லை. மொரிஸ் மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, முறுகும் கம்பிதான். ஆனால் இறுகின நட்டும், அமுங்கின இரும்பும், அவசரப்படுகிற மனுசரும் எந்தக் காரிலும் ஒன்றுதான்.

"ஏன் அப்பா எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி என்னத்துக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கலியாணம் பேசேக்க உன்ர அம்மா வீட்டுக்குச் சொல்லேல்லை. கராச்சில நிண்டவன் எண்டா ஆர் பொம்பிளை குடுப்பினம்? பிறகு சொல்ல ஒரு நேரம் வரேல்லை."

மாமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அத்தான், எங்களுக்குத் தெரியும். அப்பவே விசாரிச்சதுதானே."

அப்பா மாமாவைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. 28 வருடம் ஒரு மனுசன் ஒளித்து வைத்த விஷயம் முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவும் இல்லை. அப்பா மட்டும்தான் எடுத்திருந்தார்.

யாருக்கு வெட்கம்?

எங்கள் ஆட்களிடம் "மகள் மெக்கானிக்கல் எஞ்சினியர்" என்று சொல்லிப் பாருங்கள். லட்டு வரும். "மகள் மெக்கானிக்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சத்தம் வராது. பிறகு "அதுக்குப் பிறகு என்ன படிக்கப் போறா?" என்று கேட்பார்கள். ஒன்ராறியோவில் கூலிக்குக் கார் திருத்த 310S என்ற சான்றிதழ் கட்டாயம். அதற்குப் பல வருடம் வேலையோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அதுவும் படிப்புத்தான். ஆனால் கை கறுக்கிற படிப்பை நாங்கள் படிப்பு என்று எண்ணுவதில்லை.

இதைப் "படிப்புக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, கையால் வேலை செய்கிறவர்களை ஊரில் நாங்கள் எங்கே இருத்தினோம், யாரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம் என்கிற கதை. அதைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். இங்கே வந்து தொழிற்சாலையிலும் றெஸ்ரோறன்ட் குசினியிலும் கையால் உழைத்தே வீடு வாங்கின சனம், அந்தக் கையைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பயப்படுகிறது. எனக்கு இது கவலையாக இருக்கிறது.

பெற்றோரில் மட்டும் பழி போடவும் முடியாது. 26 வருடத்தில் நான் ஒரு நாளும் "அப்பா, 20 வயதில என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டதில்லை. முன்பின் தெரியாத மூன்று பேரின் வீடியோவைப் பார்க்க நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்த ஆளைக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அதுவும் ஒரு வகை இளப்பம்தான்.

கேட்கப்போகிற கேள்விகள்

"பாத்தீரோ, ஆபத்துத்தானே? அதுக்குத்தான் வேண்டாம் எண்டுறது" என்று எந்த அம்மாவும் சொல்லலாம். என் அம்மாவும் சொன்னா. என் பதில்: ஆபத்து என்பது ஒளிப்பதற்குக் காரணம் இல்லை, சொல்லித் தருவதற்குக் காரணம். அப்பா எங்களைப் பாதுகாக்கத்தான் அந்த வேலையை எங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார். அதனால் நான் அந்த வேலைக்குப் போகாமல் விடவில்லை. தெரியாமல் போனேன். 15 வயதில் ஒரு நாள் "இந்த நட்டைத் தொடக்கூடாது, ஏனெண்டால்…" என்று சொல்லியிருந்தால் அது ஐந்து நிமிடம்.

"எவ்வளவு காசு மிச்சம்?" ஸ்ட்ரட் 370. ஸ்டாண்ட், சொக்கெட், முறுக்கு அளக்கும் ஸ்பானர் எல்லாம் 210. பிறகு கடையில் சில்லு நேர் பார்த்தது 120. மொத்தம் 700. கராச் கேட்டது 1,240. மிச்சம் 540 டொலர். அதற்கு எனக்குப் பத்து மணித்தியாலம், அப்பாவுக்கு நான்கு, மாமாவுக்கு ஒரு வாரம் நாரிப் பிடிப்பு. பெரிய இலாபம் என்று சொல்லமாட்டேன். சாமான்கள் அடுத்த முறைக்கும் இருக்கும், அவ்வளவுதான். இந்த வேலையில் விருப்பம் இல்லை என்றால் கராச்சில் குடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

"மெக்கானிக்மாரின் பிழைப்பு?" உண்மையைச் சொன்னால் இப்போதுதான் எனக்கு அவர்களின் பில் விளங்குகிறது. கறள் பிடித்த ஒரு நட்டோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டின பிறகு, "இதுக்கு ஏன் இவ்வளவு கூலி?" என்று நான் இனிக் கேட்கமாட்டேன். கையால் ஒரு தடவை செய்து பார்த்தவர்தான் அந்தக் கைக்கு மரியாதை குடுப்பார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையோ?" அடுத்த சனிக்கிழமை ஒரு கலியாண வீடு இருந்தது. என் நகத்தைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்தா. கிறீஸ் மூன்று நாளில் போய்விடும் அம்மா. இன்னொன்று, இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் ஆண் பெண் சமத்துவம் இருந்தது. தம்பிக்கும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

செய்யப் போகிறவர்களுக்கு

நீங்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால், முழு ஸ்ட்ரட்டாக வாங்குங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் அமுக்கும் கருவியோடு முதல் தடவை தனியாக விளையாடவேண்டாம். மேல் பக்கம் எல்லாக் காரிலும் என் கார் மாதிரி இருக்காது. உங்கள் காரின் திருத்தும் கையேட்டில் எந்த நட்டு எதற்கு என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் கையேடு சொல்கிற அளவுக்கே இறுக்குங்கள். என் காரின் சில்லு நட்டுக்கு அது 103 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றர் ஓடினபின் திரும்பவும் பாருங்கள். முடிந்ததும் சில்லு நேர் பார்க்கக் கடைக்குப் போங்கள். போகாவிட்டால் புது ரயரும் ஒரு பக்கமாகத் தேயும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். அந்த ஆளின் முகத்தை ஸ்ட்ரட்டுக்குக் கீழே வைக்காதீர்கள்.

ஆனால் கார் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அப்பாவிடம், அம்மாவிடம், பெரியம்மாவிடம், இங்கே வருவதற்கு முன் கையால் என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். "ஒண்டுமில்லை, படிச்சுக்கொண்டிருந்தனான்" என்று சொல்வார்கள். அதோடு விடாதீர்கள். ஒரு சாமானைக் கையில் குடுத்துக் கேளுங்கள். ஒரு ஸ்பானர், ஒரு தையல் மெஷின், ஒரு மண்வெட்டி. கை பொய் சொல்லாது.

அன்று பின்னேரம் ஆறரைக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்தோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் இருந்தார். மாமா வீட்டுத் தெருமுனையில் இருந்த கிடங்கில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினேன். கார் ஒரு தடவை அமுங்கி நிமிர்ந்து பேசாமல் போனது. துள்ளல் இல்லை, "டொக்" இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கம் சின்னதா ஒரு சத்தம் கிடக்கு. ஸ்வே பார் லிங்க். பழசைத்தானே திருப்பிப் பூட்டினனீ?" என்றார். "பரவாயில்லை. அடுத்த சனி கலியாண வீடு. அதுக்கடுத்த சனி வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா."